தேரி மணலில் செங்காந்தள்: மண்ணை மாற்றணுமா, அப்படியே நடலாமா?

செல்வி_திசையன்விளை

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீடு திசையன்விளை பக்கம், தேரியை, அதாவது செம்மணல் மேட்டை, ஒட்டி இருக்கிறது. வீட்டுக்கு மேற்கே கொஞ்சம் காலி இடம். முழுக்கச் சிவப்பு மணல். ஒரு குடம் தண்ணீர் ஊற்றினால் குடத்தைக் கீழே வைப்பதற்குள் மண் குடித்துவிடும். ஆனி, ஆடிக் காற்றில் மணல் நகர்ந்து வேலியோரம் மேடு கட்டும். முருங்கையும் கற்றாழையும் தவிர எதை வைத்தாலும் பங்குனியோடு சரி.

வேலியோரம் செங்காந்தள் ஏற்றிவிட வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாள் ஆசை. மாநில மலர் என்பதற்காக இல்லை. என் மாமியார் சின்ன வயதில் இதே பக்கம் உடைமரப் புதர்களில் இது தானாகப் படர்ந்து பூத்ததைப் பார்த்திருக்கிறார். இப்போது தேடினாலும் கண்ணில் படவில்லை என்கிறார்.

நர்சரியில் கேட்டேன். "இந்த மணலில் வராது, இரண்டடி ஆழத்துக்கு மணலை அள்ளிவிட்டுச் செம்மண்ணும் குளத்து வண்டலும் நிரப்புங்கள், ஒரு லோடு நாங்களே இறக்குகிறோம்" என்கிறார்கள். மாமியார் பார்த்த கொடிக்கு யார் லோடு இறக்கினார்கள் என்று தெரியவில்லை. மண்ணை மாற்றத்தான் வேண்டுமா? எப்போது நடுவது? எங்கள் போர் தண்ணீர் லேசாக உப்புக் கரிக்கும், அது ஆகுமா? வளர்த்தவர்கள் சொல்லுங்கள்.

பனங்காட்டு_ராசா

அக்கா, லோடு மண்ணை இறக்கிவிடாதீர்கள். எனக்கும் தேரி மண்தான், சாத்தான்குளம் பக்கம்.

காந்தள் கிழங்குச் செடி. மழைக்கு முளைத்து, பூத்து, காய்த்து, வெயில் ஏறும்போது மேலே இருக்கிற கொடியை முழுக்க உதிர்த்துவிட்டுக் கிழங்காக மண்ணுக்குள் கிடக்கும். நம் ஊரில் மற்ற செடிகளைக் கொல்கிற சித்திரை, வைகாசி மாதங்களில் இது தரைக்கு மேலேயே இருப்பதில்லை. அந்த நாட்களில் அதற்கு வேண்டியது உலர்ந்த மண் ஒன்றுதான். நம் மணல் அதை இலவசமாகத் தருகிறது. காந்தளைக் கொல்வது வறட்சி இல்லை, தேங்குகிற ஈரம்.

மணலுக்கு நடுவில் குழி வெட்டி வண்டல் நிரப்பினால் என்ன ஆகும் என்று சொல்கிறேன். சன்னமான மண் பருமணல் மேல் உட்கார்ந்திருந்தால், அந்தச் சன்ன மண் முழுக்க ஊறி நிரம்பிய பிறகுதான் தண்ணீர் கீழே இறங்கும். சுற்றிலும் மணல் இருக்கிறதே, வடிந்துவிடும் என்று நினைப்போம். வடியாது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அந்தக் குழி நாள் கணக்கில் சொதசொதவென்று நிற்கும், கிழங்கு அழுகும்.

2023 டிசம்பர் 17, 18 மழையை நம் பக்கம் யாரும் மறந்திருக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. அந்த மழைக்குப் பிறகு என் வெறும் மணல் பாத்தியில் கிழங்குகள் அப்படியே கெட்டியாக இருந்தன. பக்கத்து வீட்டில் களிமண் கலந்து கட்டிய பாத்தியில் கை விட்டால் கூழாக வந்தது.

ஆக, மண்ணை மாற்ற வேண்டாம். மழை பிடிப்பதற்குக் கொஞ்சம் முன்னால், புரட்டாசியில் நடுங்கள். அவ்வளவுதான்.

மூலனூர்_கொடிக்காரன்

வணக்கமுங்க. நாங்கள் இதைக் கண்வலிக்கிழங்கு என்று சொல்லி, விதைக்காகப் பயிராகவே பண்ணுகிறோம். மூலனூர், தாராபுரம் வட்டாரத்தில் இது பல குடும்பங்களுக்குச் சோறு போடுகிற வெள்ளாமை. வேதாரண்யம் பக்கமும் பண்ணுகிறார்கள். அது கடற்கரை மணல்தான்.

ராசா சொல்வதில் பாதிக்கு நான் முழு ஆதரவு. தண்ணீர் நிற்கிற இடத்தில் இது வரவே வராது. ஆனால் "வெறும் மணல் போதும், அவ்வளவுதான்" என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். வெறும் மணலில் கொடி உயிரோடு இருக்கும், சரி. ஆளுயரம் ஏறிக் கொத்துக் கொத்தாகப் பூக்கணும் என்றால் சாப்பாடு வேணும். ஒரு வருடம் வைத்த கிழங்கு அந்த வருடமே தன்னைக் கரைத்துக் கொடியை வளர்த்துவிட்டுப் போய்விடும். அதன் அடியில் புதுக் கிழங்கு உருவாகும். கொடி நன்றாகச் சாப்பிட்டிருந்தால்தான் புதுக் கிழங்கு பருக்கும். சத்தில்லாத மணலில் வருடா வருடம் கிழங்கு சிறுத்து, பிறகு இலை மட்டும் விட்டு நின்றுவிடும்.

நாங்கள் வாய்க்கால் போல் எடுத்து நன்றாக மக்கிய தொழு எரு போட்டு, மண்ணோடு கலந்துதான் நடுவோம். பச்சை எரு கூடாது. உங்கள் மணலுக்கு மக்கிய தென்னை நார்க்கழிவையும் சேர்த்துக்கொள்ளலாம், ஈரத்தைப் பிடித்து வைக்கும். மணலில் வேர் முடிச்சு நூற்புழுத் தொல்லை அதிகம், வேப்பம் பிண்ணாக்கு ஒரு கைப்பிடி கலந்துவிடுங்கள்.

பனங்காட்டு_ராசா

அண்ணே, எருவுக்கு நான் எதிரி இல்லை. குழிக்குள் மட்டும் வேறு மண் நிரப்புவதைத்தான் வேண்டாம் என்கிறேன். எருவைப் பாத்தி முழுக்கப் பரப்பிக் கொத்திவிட்டால் மணல் மணலாகவே இருக்கும், சத்தும் சேரும். அதோடு பனையோலைத் துண்டோ வேப்பந்தழையோ மேலே மூடாக்குப் போட்டால் நம் காற்றுக்கு மணல் பறக்காது. மூடாக்கு மெல்லியதாக இருக்கட்டும், முளை குத்திக்கொண்டு வரணும்.

மூலனூர்_கொடிக்காரன்

அப்படியென்றால் எனக்கும் சம்மதமுங்க. குழி வேண்டாம், பாத்தி முழுக்க எரு.

செல்வி_திசையன்விளை

இரண்டு பேருக்கும் நன்றி. கிழங்கை எப்படி நடுவது என்று தெரியவில்லை. படத்தில் பார்த்தால் ஆங்கில வி எழுத்து மாதிரி இருக்கிறது. எந்தப் பக்கம் மேலே? இணையத்தில் ஒருவரிடம் வாங்கியதில் இரண்டு உடைந்து வந்திருக்கின்றன. அவை முளைக்குமா?

மூலனூர்_கொடிக்காரன்

கிழங்கைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பாருங்க. கலப்பை போல இரண்டு கை பிரிந்திருக்கும். இரண்டு கையும் சேருகிற முழங்கையில் போன வருடத்துக் கொடி காய்ந்த தழும்பு தெரியும். முளை அங்கே இல்லை. ஒவ்வொரு கையின் கூர் நுனியிலும் ஒரே ஒரு முளைப்பரு இருக்கும், லேசாக வெளுத்து, சற்றே புடைத்து. அந்த ஒரு பருதான் அந்தக் கையின் உயிர். உருளைக்கிழங்கு மாதிரி நாலு பக்கமும் கண் இருக்கும் என்று எதிர்பார்த்து வெட்டினால் வெட்டிய துண்டு வீண்.

உங்கள் கிழங்கு முழங்கையில் உடைந்திருந்தால் கவலையே இல்லை. இரண்டு நுனியும் முழுசாக இருந்தால் இரண்டு செடி. நாங்களே அப்படிப் பிரித்துத்தான் நடுவோம். நுனி ஒடிந்திருந்தால் அது முளைக்காது, விற்றவரிடம் மாற்றிக் கேளுங்கள். அனுப்பும்போது நுனியில் பஞ்சோ வைக்கோலோ சுற்றத் தெரியாதவர்கள் இதை விற்கவே கூடாது.

எடை 50, 60 கிராமுக்குக் குறையாமல் இருந்தால் முதல் பருவத்திலேயே பூக்கும். மெலிந்த கிழங்கு இலை மட்டும் விடும், அடுத்த வருடம் பூக்கலாம்.

நடும்போது படுக்கை வசமாக வையுங்கள், முளைப்பரு லேசாக மேல்நோக்கி. எங்கள் மண்ணில் வைப்பதைவிட மணலில் கொஞ்சம் ஆழம் வேணும், நாலு விரற்கடைக்குமேல் ஒரு சாண் வரை போகலாம். மேல் மணல் மதியம் கொதிக்கும் இல்லையா. செடிக்குச் செடி ஒன்றரை அடி விடுங்கள்.

நட்டதும் ஒரு தண்ணீர். அதற்குப் பிறகு முளை தெரிகிறவரை கையைக் கட்டிக்கொண்டு இருக்கணும். சில கிழங்கு இரண்டு வாரத்தில் வரும், சில ஒரு மாதத்துக்குமேல் எடுக்கும். பொறுக்காமல் தோண்டிப் பார்த்தால் பரு ஒடியும்.

செவிலி_அக்கா

எல்லோரும் நடவு பற்றிப் பேசுகிறீர்கள். செல்வி, வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்களா? ஆடு, மாடு உண்டா?

செங்காந்தளின் எல்லாப் பாகத்திலும் கொல்சிசின் என்ற நஞ்சு இருக்கிறது. கிழங்கிலும் விதையிலும் மிக அதிகம். மூட்டுவாத மருந்து தயாரிக்க மூலனூர் விதையை வாங்குவதே இதற்காகத்தான். மருந்தாலையில் மில்லிகிராம் கணக்கில் அளந்து கொடுப்பது வேறு, கிழங்கைக் கடிப்பது வேறு. வார்டில் பார்த்திருக்கிறேன், அதனால் விவரமாகவே சொல்கிறேன். சாப்பிட்டவுடன் ஒன்றும் தெரியாது. சில மணி நேரம் கழித்து வாந்தியும் பேதியும் ஆரம்பிக்கும். அது நின்றதும் சரியாகிவிட்டது என்று வீட்டில் நிம்மதியாவார்கள். உண்மையில் உள்ளுறுப்புகள் கெடுவது அதற்குப் பிறகுதான். ஒன்றிரண்டு வாரத்தில் தலைமுடி கொத்தாக உதிரும். அந்தக் கட்டம்வரை வருகிறவர்கள் பிழைத்தவர்கள்.

வள்ளிக்கிழங்கு என்று நினைத்து அவித்துச் சாப்பிட்டவர்கள் உண்டு. யாராவது வாயில் வைத்துவிட்டால் மோர், எலுமிச்சை என்று வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே 108-க்குக் கூப்பிடுங்கள். வாந்தி வரும்வரை காத்திருக்க வேண்டாம். செடியின் ஒரு துண்டையும் எடுத்துப் போங்கள், மருத்துவருக்கு உதவும்.

நட வேண்டாம் என்று சொல்லவில்லை. சமையல் கிழங்கு, இஞ்சி, மஞ்சள் போட்ட பாத்திப் பக்கமே இது வரக் கூடாது. கிழங்கைத் தொடும்போது கையுறை போடுங்கள். பாக்கி கிழங்கைச் சமையலறையில் வைக்காதீர்கள். காய் வெடித்தால் உள்ளே செக்கச் சிவந்த விதைகள் வரிசையாகத் தெரியும், எந்தக் குழந்தைக்கும் கை நீளும். வெடிக்கும் முன்பே பறித்துவிடுங்கள்.

செல்வி_திசையன்விளை

அக்கா, நல்ல வேளை சொன்னீர்கள். என் பிள்ளைகள் பெரியவர்கள். ஆனால் தங்கை குழந்தை லீவுக்கு வரும், பக்கத்து வீட்டில் வெள்ளாடும் இருக்கிறது. தெருப்பக்க வேலியை விட்டுவிட்டு உள்பக்கம், கம்பிவலைக்குப் பின்னால் வைக்கிறேன்.

குறிஞ்சித்_தமிழ்

ஒரு சந்தேகம். சங்கப் பாடல்களில் காந்தள் குறிஞ்சி நிலத்துப் பூ. மலைச்சாரல் பூவைக் கடற்கரை மணலில் வைப்பது சரியா? "இந்த மண்ணுக்குரிய செடி" என்று நீங்கள் சொல்வது தேரிக்குப் பொருந்துமா?

பிரிஸ்பேன்_முருகு

இதற்கு நான் பதில் சொல்லலாம் என்று நினைக்கிறேன். நான் இருப்பது ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையில். யாரோ தோட்ட அழகுக்காகக் கொண்டுவந்த செங்காந்தள் இங்கே வேலி தாண்டி, கடற்கரை மணல்மேடுகளில் பரவி, களையாகிவிட்டது. குவீன்ஸ்லாந்திலும் நியூ சவுத் வேல்ஸின் வடக்குக் கரையிலும் தன்னார்வலர்கள் கிழங்கைத் தோண்டி எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். தோண்டுவது அத்தனை கஷ்டம், மணலில் கிழங்கு ஆழமாக இறங்கிவிடுகிறது. உப்புக்காற்று, வெறும் மணல், உரமே இல்லை, அப்படியும் மேடு மேடாகப் பூக்கிறது.

ஊர்ப் பூவை இங்கே களையாகப் பார்ப்பது மனதுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதன் கீழே நசுங்குகிற இந்த ஊர்ச் செடிகளைப் பார்த்தால் தோண்டுகிறவர்கள் செய்வது சரி என்றுதான் சொல்வேன். அது தன் மண்ணில் இருக்க வேண்டும். தன் மண்ணில் அதை அழியவிட்டுவிட்டோம் என்பதுதான் எனக்கு வருத்தம்.

மணலில் வருமா என்ற கேள்விக்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

வடமராட்சி_வேலி

எங்கட பக்கத்திலும் மணல்தான், வடமராட்சி கிழக்கு. நாங்கள் கார்த்திகைப்பூ என்போம். ஈழத் தமிழருக்கு அந்தப் பூ எவ்வளவு பெரிய விஷயம் என்று இங்கே விளக்கத் தேவையில்லை. நடாமலேயே பற்றைகளுக்குள், நீங்கள் புதர் என்கிறீர்களே, அதற்குள் வரும். ஐப்பசி மழை விழ முளை கிளம்பி, கார்த்திகையில் வேலி முழுக்கப் பூ நிற்கும். மாசி, பங்குனியில் போய்ப் பார்த்தால் அந்த இடத்தில் ஒன்றுமே இராது. ஆகவே குறிஞ்சிப் பூ என்றாலும் நெய்தல் மணலில் அது அந்நியம் இல்லை, தம்பி.

செல்வி அக்காவுக்கு ஒன்று சொல்ல வேணும். பற்றைக்குள் வருவதற்குக் காரணம் இருக்கு. இதன் ஒவ்வொரு இலையின் நுனியும் சுருள் கம்பியாக நீண்டு, பக்கத்தில் கிடைக்கிற மெல்லிய குச்சியைச் சுற்றிப் பிடிக்கும். தடித்த தூணையோ மதிலையோ அதால் பிடிக்க ஏலாது. விரல் தடிப்புக்கும் குறைந்த சுள்ளிகள் வேணும். அதோடு பற்றை அடியில் வேருக்கு நிழலும் கிடைக்கும். வெறும் கம்பில் ஏற்றினால் காற்றுக்குச் சரிந்து விழும்.

மூலனூர்_கொடிக்காரன்

உண்மைங்க. எங்கள் வயலில் முட்கிளுவை, விராலிக் குச்சியெல்லாம் இதற்காகத்தான் ஊன்றுகிறோம். தேரியில் விராலி அருமையாக வருமே, ஓரமாக வரிசை வைத்துவிட்டால் காற்றுத் தடுப்பும் ஆச்சு, கொடிக்குப் பிடிமானமும் ஆச்சு.

பனங்காட்டு_ராசா

உப்புத் தண்ணீர் பற்றி யாரும் சொல்லவில்லை. வடமராட்சி அண்ணன் சொன்ன அந்தச் சுருள் நுனியைக் கவனியுங்கள். உப்பு ஏறினால் என் தோட்டத்தில் முதலில் கருகுவது இலை நுனிதான். மற்ற செடியில் நுனி கருகினால் அழகு போகும், அவ்வளவுதான். இதில் நுனி கருகினால் பிடி போய்விடும், கொடி தரையில் கிடக்கும்.

அதனால் மழையை நம்பியே நடுங்கள். முளைத்த பிறகு மழை இடைவெளி விட்டால் மணலுக்கு மூன்று நாலு நாளுக்கு ஒரு தண்ணீர் தேவைப்படும். அதற்கு மொட்டைமாடி மழைத் தண்ணீரை ஒரு டிரம்மில் பிடித்து வைத்தால் போதும். வேறு வழியே இல்லை என்றால் போர் தண்ணீரை மண்ணில் மட்டும் விடுங்கள், இலையில் படாமல்.

கொடிவேலி_மதுரை

இன்னொன்று. கிழங்கு எங்கிருந்து வாங்குகிறீர்கள் என்று கேளுங்கள், ப்ளீஸ். காட்டிலும் புதரிலும் தோண்டி எடுத்த கிழங்குதான் பல இடங்களில் மலிவாக விற்கிறது. செல்வி அக்கா மாமியார் பார்த்த கொடிகள் எங்கே போயின என்று நினைக்கிறீர்கள்? நிலம் திருத்தியதில் பாதி போயிருக்கும், மருந்துக்கு என்று தோண்டியதில் மீதி போயிருக்கும். விதையை எடுத்தால் செடி இருக்கும், கிழங்கைத் தோண்டினால் எதுவும் மிஞ்சாது. சாகுபடி செய்கிறவர்களிடம் மட்டும் வாங்குவோம், கொஞ்சம் விலை கூடினாலும் பரவாயில்லை. ஒரே அளவில், மண் உதறி, நுனி பத்திரமாக இருந்தால் பெரும்பாலும் வயல் கிழங்கு. சின்னதும் பெரியதுமாக, வெட்டுக்காயத்தோடு, வேர்த்தூர் ஒட்டி வந்தால் எனக்குச் சந்தேகம் வரும்.

செல்வி_திசையன்விளை

மூலனூர் அண்ணன் தனிச்செய்தியில் சொன்ன விவசாயியிடம் வாங்கிப் புரட்டாசியில் நட்டேன். எரு பரப்பி, குழி வெட்டாமல், விராலிக் குச்சி ஊன்றி. மழை பிடித்ததும் முளை ஒவ்வொன்றாக வந்தது. இரண்டு மட்டும் வரவில்லை, தோண்டிப் பார்க்காமல் விட்டிருக்கிறேன்.

இப்போது ஒரு பிரச்சினை. நேற்றுக் காலையில் நன்றாக இருந்த கொடியில் இன்று மேல் பாதி இலையே இல்லை. கறுப்புப் புழு, உடம்பில் வெள்ளைத் திட்டும் சிவப்புப் புள்ளியுமாக. ஆடு தின்றால் சாகும் என்கிறீர்கள், இது எப்படித் தின்கிறது?

மூலனூர்_கொடிக்காரன்

அது காந்தள் புழு. லில்லிப் புழு என்றும் சொல்வார்கள். இதே இனச் செடிகளைத் தின்று பழகியது, நஞ்சு அதை ஒன்றும் செய்யாது. விட்டால் இரண்டு மூன்று நாளில் தண்டுதான் மிஞ்சும். வீட்டுத் தோட்டத்துக்கு மருந்து வேண்டாம். கையுறை போட்டுக்கொண்டு காலையில் பொறுக்கி எடுங்கள், இலைக்கு அடியில் முட்டைக் கூட்டம் இருந்தால் அந்த இலையோடு கிள்ளிவிடுங்கள். அப்புறம் வேப்பங்கொட்டைக் கரைசல். லிட்டருக்கு 50 கிராம் பருப்பை இடித்து ராத்திரி ஊறவைத்து, வடிகட்டி, கொஞ்சம் காதி சோப்புக் கரைத்துச் சாயங்காலம் தெளியுங்கள். தப்பித்த புழு மண்ணுக்குள் கூட்டுப்புழுவாகப் போகும், அடியில் மணலைக் கிளறிவிடுங்கள்.

மொட்டு வந்துவிட்டதா?

செல்வி_திசையன்விளை

வந்துவிட்டது அண்ணா! புழுவைப் பொறுக்கியதில் கொடி தப்பியது. பூவைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறேன். மொட்டு பச்சையாகத் தலை கவிழ்ந்து தொங்குகிறது. விரிந்ததும் ஆறு இதழும் பின்பக்கமாக மடங்கி மேல்நோக்கி நிற்கின்றன, ஓரமெல்லாம் நெளிநெளியாக. முதலில் பச்சை கலந்த மஞ்சள், பிறகு மேல்பாதி சிவப்பு, கடைசியில் முழுக்க இரத்தச் சிவப்பு. ஒரே கொடியில் எல்லா நிறமும் நிற்கிறது. மாமியார் நாற்காலியை அங்கேயே போடச் சொல்லிவிட்டார்.

ஆனால் முதலில் வாடிய பூக்கள் ஒன்றிலும் காய் பிடிக்கவில்லை. சத்துக் குறைவா?

மூலனூர்_கொடிக்காரன்

சத்து இல்லைங்க, அமைப்பே அப்படி. பூவைக் கீழிருந்து பாருங்கள். சூல்தண்டு அடியிலேயே மடங்கி ஒரு பக்கமாக நீட்டிக்கொண்டிருக்கும். மகரந்தப் பைகள் ஆறும் விலகி வெளிப்பக்கம் விரிந்திருக்கும். ஒன்றோடொன்று தானாகத் தொடாது. வண்ணத்துப்பூச்சியோ தேன்சிட்டோ வந்து பட்டால்தான் உண்டு. வயலில் நாங்கள் பூக்காலம் முழுக்கக் காலை நேரத்தில் ஆள் விட்டுக் கையாலேயே சேர்க்கிறோம். வெயில் ஏறுவதற்குள், அன்று விரிந்த பூவில், வேறு ஒரு செடியின் மகரந்தத்தை மெல்லிய தூரிகையில் எடுத்துச் சூல்முடியின் மூன்று பிரிவிலும் படும்படி தடவுங்கள். பிடித்திருந்தால் சில நாளில் அடியில் பச்சையாகக் காய் நீளும்.

விதை வேண்டாம் என்றால் இதைச் செய்யவே தேவையில்லை. காய் இல்லாவிட்டால் சத்து முழுக்கக் கிழங்குக்குப் போகும்.

செல்வி_திசையன்விளை

இரண்டு மூன்று காய் மட்டும் விட ஆசை. உடைமரப் புதர் இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கிறது, ஆடு போகாத பக்கம். அங்கே விதைக்கலாம் என்று. விதையிலிருந்து பூக்க எவ்வளவு காலமாகும்?

கொடிவேலி_மதுரை

மூன்று நாலு வருடம் ஆகும் அக்கா. முளைக்கவே மாதக்கணக்காகலாம். முதல் வருடம் புல் மாதிரி இரண்டு இலை விட்டுக் காய்ந்துவிடும், செத்துவிட்டது என்று நினைக்காதீர்கள், அடியில் மொச்சைக்கொட்டை அளவில் கிழங்கு இருக்கும். காய் வெடிக்கத் தொடங்கும் தறுவாயில் பறித்து, நிழலில் உலர்த்தி, மேல் சிவப்புத் தோலை நீக்கிவிட்டு அடுத்த புரட்டாசிவரை பூட்டி வையுங்கள். புதரின் வடகிழக்கு ஓரத்தில் விதைத்தால் மேற்கு வெயிலும் ஆடிக்காற்றும் படாது.

பனங்காட்டு_ராசா

தை கடைசியில் கொடி மஞ்சளாகும். அப்போது பாவப்பட்டுத் தண்ணீர் ஊற்றாதீர்கள், நிறுத்திவிடுங்கள். காய்ந்த கொடியைப் பிடுங்காமல் தரையோடு வெட்டுங்கள். ஒவ்வொரு கிழங்கு இருக்கும் இடத்திலும் ஒரு குச்சி நட்டு அடையாளம் வையுங்கள். வேலை ஆள் வந்து மண்வெட்டி போட்டால் முளைப்பரு போய்விடும். ஆவணியில் ஒரு கூடை எரு, புரட்டாசியில் மூடாக்கு. இரண்டு மூன்று வருடம் அப்படியே கிடக்கட்டும், பிறகு தோண்டிப் பிரித்தால் எனக்கும் ஒரு ஜோடி தாருங்கள்.

செல்வி_திசையன்விளை

கண்டிப்பாக. முகவரியை உள்பெட்டியில் போடுங்கள் தம்பி. முளைக்காத அந்த இரண்டில் ஒன்று இன்று காலை முளைவிட்டிருக்கிறது.